கொழுப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்ன கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில், கொலஸ்ட்ரால் என்று ஒரு ஆபத்தே கிடையாது, மாத்திரை விற்பதற்காகக் கிளப்பிவிட்ட பயம் அது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் டாக்டர் இல்லை, கும்பகோணம் பக்கம் மருந்துக்கடை நடத்துகிற மருந்தாளுநர். கட்டுரை வந்ததிலிருந்து கடைக்கு வருகிற சிலர் சீட்டை நீட்டிவிட்டு, "சுகர் மாத்திரை குடுங்க, பிரஷர் மாத்திரை குடுங்க, அந்தக் கொழுப்பு மாத்திரை மட்டும் வேணாம், பேப்பர்லயே போட்டுட்டாங்க" என்கிறார்கள். இந்தப் பேச்சு வாட்ஸ்அப்பில் வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. அங்கே நம்பாதவர்கள்கூட பேப்பரில் வந்தால் நம்புகிறார்கள், ஏனென்றால் அச்சில் வருவதை யாரோ ஒருவர் சரிபார்த்திருப்பார் என்று எங்கள் ஊர் இன்னும் நினைக்கிறது. அந்த நம்பிக்கையை நீங்கள் இப்படிச் செலவழித்ததுதான் எனக்குக் கோபம்.

கட்டுரையில் எல்லாமே தப்பு என்றால் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். பாதி சரியாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை. கொலஸ்ட்ரால் உடம்புக்கு வேண்டிய பொருள் என்பது சரி. ஒவ்வொரு செல்லின் சவ்விலும் அது இருக்கிறது, பித்தநீரில் உள்ள அமிலங்கள் அதிலிருந்து வருகின்றன, ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன், கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் எல்லாம் அதிலிருந்துதான் உருவாகின்றன. பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது என்பதும் சரி. முட்டையைப் பற்றி எழுதியிருப்பதும் ஏறக்குறைய சரிதான்: ஒரு முட்டையில் 200 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவாகக் கொலஸ்ட்ரால் இருக்கிறது, அளவாகச் சாப்பிட்டால் பலருக்கும் அதனால் ரத்தத்தில் பெரிதாக ஏறுவதில்லை, தினமும் 300 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று இருந்த வரம்பை அமெரிக்காவின் 2015-20 உணவு வழிகாட்டுதலில் எடுத்தும்விட்டார்கள். ஆனால் தட்டில் இருக்கும் கொலஸ்ட்ரால் வேறு, கெட்ட கொழுப்பு என்று சொல்கிற, ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் வேறு. முதலாவது அவ்வளவு பெரிய விஷயமில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே இரண்டாவதும் பெரிய விஷயமில்லை என்று கட்டுரையாளர் தாவிவிட்டார். படிக்கிறவர்களுக்கு அந்தத் தாவல் கண்ணில் படாது.

கொழுப்பு ரத்தத்தில் கரையாது, அதனால் புரதத்தோடு சேர்ந்து சின்னச் சின்னத் துகள்களாகத்தான் ஓடும். எல்டிஎல் அப்படி ஒரு துகள். அது அளவுக்கு மேல் இருந்தால், வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தக்குழாயின் உள்சுவருக்குள் புகுந்து சிக்கிக்கொள்கிறது. உடம்பின் பாதுகாப்பு செல்கள் அதை விழுங்க வருகின்றன, விழுங்கி வீங்கி அங்கேயே தங்கிவிடுகின்றன, சுவருக்குள்ளேயே ஒரு கொழுப்புத் திட்டு வளர்கிறது. குழாயின் நடுவில் கொழுப்பு படிந்துகொண்டே வந்து ஒருநாள் முழுசாக அடைத்துவிடும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பல மாரடைப்புகள் அப்படி வருவதில்லை. பாதி அளவுகூட அடைக்காத ஒரு திட்டு திடீரென்று வெடிக்கிறது, வெடித்த இடத்தில் ரத்தம் உறைகிறது, அந்த உறைந்த கட்டிதான் சில நிமிஷங்களில் குழாயை மூடுகிறது. நேற்று வரை மாடிப்படி ஏறி இறங்கியவர், டிரெட்மில் டெஸ்ட் நார்மல் என்று வந்தவர், இன்று காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்குக் காரணம் இதுதான். மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் பக்கவாதம். காலில் என்றால் கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் சரியாகிவிடும், வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் மருந்துக் கம்பெனிகள் சொல்லிக்கொடுத்தது என்பது கட்டுரையாளரின் வாதம். சரி, மாத்திரையை ஓரமாக வைத்துவிட்டுப் பேசுவோம். பிறவியிலேயே எல்டிஎல் அதிகமாக இருக்கும் குடும்பங்கள் உண்டு, சுமார் 250 பேரில் ஒருவருக்கு அந்த மரபணுக் குறை இருக்கிறது. ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைக் கல்லீரல் உள்ளே இழுத்துக்கொள்ள உதவும் ஏற்பிகள் அவர்களுக்குப் பாதிதான் வேலை செய்யும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்த குழந்தைகள் மிகவும் அபூர்வம், அவர்களில் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வயதில் சிகரெட் கிடையாது, பிரஷர் கிடையாது, சர்க்கரை கிடையாது, எல்டிஎல் மட்டும்தான். அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டாட்டின் என்கிற இந்தக் கொழுப்பு மாத்திரைகளில் முதலாவது அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததே 1987-இல்தான்.

இதற்கு நேர் எதிரான மனிதர்களும் இருக்கிறார்கள். பிசிஎஸ்கே9 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தால் பிறந்ததிலிருந்தே எல்டிஎல் குறைவாக இருக்கும். 2006-இல் வந்த ஆய்வில், அமெரிக்கக் கறுப்பின மக்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு அந்த மாற்றம் இருந்தது. அவர்களுக்கு எல்டிஎல் மற்றவர்களைவிட 28 சதவீதம் குறைவு, இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவு. மாத்திரையால் வந்த வித்தியாசம் இல்லை, பிறவியில் வந்தது. இதை எந்தக் கம்பெனி ஏற்பாடு செய்ய முடியும் என்று கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

கொலஸ்ட்ராலைக் குறைத்தால் மூளை கெட்டுவிடும் என்று ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறார். மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்கிறது, ரத்தத்தில் உள்ள எல்டிஎல் அங்கே போவதில்லை. பிறந்த குழந்தையின் எல்டிஎல் சுமார் 30தான், மூளை படுவேகமாக வளரும் வயது அது. கொலஸ்ட்ரால் அதிகமாக இருக்கும் முதியவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்று காட்டும் கணக்கையும் போட்டிருக்கிறார். புற்றுநோய், கல்லீரல் நோய், நாள்பட்ட மெலிவு இதெல்லாம் வந்தால் கொலஸ்ட்ரால் தானாக இறங்கும். நோயால் இறங்கியவர்களையும் சேர்த்து எண்ணினால், குறைவாக இருப்பவர்கள் சீக்கிரம் இறக்கிற மாதிரித்தான் தெரியும். இதை ஒரு வரியில் விளக்கியிருக்கலாம்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். ஸ்டாட்டின் என்ற மருந்தின் மூலத்தைக் கண்டெடுத்தவர் அகிரா எண்டோ என்ற ஜப்பானியர், 2024-இல்தான் காலமானார். ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் வளர்ந்த பூசணத்திலிருந்து 1970களில் அதைப் பிரித்தார். அது வேலை செய்கிறதா என்பதற்கு 1994-இல் வந்த ஸ்காண்டிநேவிய ஆய்வைப் பார்க்கலாம். ஏற்கனவே மாரடைப்பு அல்லது நெஞ்சுவலி வந்த 4,444 பேரை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின், இன்னொரு பாதிக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று ஐந்து வருஷத்துக்கு மேல் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேர் இறந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்களில் 182 பேர். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மருந்துக் கம்பெனிதான், அதை மறைக்கவில்லை, அதனால்தான் மரபணு விஷயத்தை முதலில் எழுதினேன். இன்றைக்கு அட்டார்வாஸ்டாட்டினுக்கு காப்புரிமை எல்லாம் முடிந்து, எத்தனையோ கம்பெனிகள் செய்கிறார்கள், மக்கள் மருந்தகத்தில் மலிவாகக் கிடைக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே கொடுக்கிற மாத்திரைகள் மூன்று: ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அவற்றோடு இந்த அட்டார்வாஸ்டாட்டின். கிராமத்து நர்ஸ் கையிலேயே அரசாங்கம் இதைக் கொடுத்து வைத்திருக்கிறது.

மருத்துவ உலகத்தில் உண்மையாகவே ஒரு விவாதம் நடக்கிறது. அது யாரைப் பற்றியது என்று கட்டுரையில் சொல்லவே இல்லை. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, புகைப்பழக்கம் இல்லை, குடும்பத்தில் யாருக்கும் இளவயது மாரடைப்பு இல்லை, எல்டிஎல் மட்டும் கொஞ்சம் கூட இருக்கிறது என்ற ஆளுக்கு ஆயுசு முழுக்க மாத்திரை வேண்டுமா என்பதுதான் அந்த விவாதம். நியாயமான விவாதம். அவருக்குக் கிடைக்கிற பலன் சின்னது, டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியது. மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு, டாக்டரைப் பார்க்காமலே என்னிடம் வந்து கொழுப்பு மாத்திரை கேட்பவர்களையும் நான் திருப்பி அனுப்பத்தான் செய்கிறேன். ஆனால் அடைத்த குழாயை விரித்து ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் ஆனவர், ஒருமுறை பக்கவாதம் வந்தவர் விஷயத்தில் இந்த விவாதமே கிடையாது. கட்டுரையைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இவர்கள்தான், ஏனென்றால் வீட்டில் மாத்திரை வைத்திருப்பவர்கள் இவர்கள்தான்.

இதில் இன்னொன்று இருக்கிறது, கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, மருந்துக்கடையில் நிற்பவர்களுக்குத் தெரியும். நம் நாட்டில் இதய நோயாளிகளுக்கு எழுதுகிற கொழுப்பு மாத்திரை நிறையப் பேருக்குத் தனியாக வருவதில்லை. ரோசுவாஸ்டாட்டின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மூன்றையும் ஒரே கேப்சூலில் போட்டு வருகிறது. நோயாளிக்கு அது "ராத்திரி போடுற கொழுப்பு மாத்திரை". அதை நிறுத்தினால் ரத்தம் உறையாமல் காக்கும் மருந்தும் சேர்ந்து நின்றுபோகிறது. ஸ்டென்ட் வைத்த முதல் சில மாதங்களில் அப்படி நின்றால், ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மறுபடியும் மாரடைப்பு வரலாம், அப்படி வருவது உயிரை எடுக்கக்கூடியது. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஸ்டென்ட் வைத்த வருஷத்திலேயே ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு இந்தக் கேப்சூலை நிறுத்திவிட்டார். வீட்டில்கூடச் சொல்லவில்லை. மறுபடியும் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாகிவிட்டது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயம் முன்பு மாதிரி இல்லை, தொடர்ந்து நாலு சட்டை தைக்க முடியவில்லை, கடையைப் பையன் பார்த்துக்கொள்கிறான். கொழுப்பு மாத்திரையைத்தான் நிறுத்தினேன் என்றுதான் அவர் இன்னும் சொல்கிறார். அந்தக் கேப்சூலில் வேறு இரண்டு மருந்து இருந்ததை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

பக்கவிளைவே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்குத் தசைவலி வரும். கல்லீரல் என்சைம் சிலருக்கு ஏறும். சர்க்கரை வருகிற நிலையில் இருப்பவர்களுக்கு அது கொஞ்சம் முன்னால் வந்துவிடலாம், 255 பேர் நாலு வருஷம் சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்கு என்று ஒரு கணக்கு உண்டு. கர்ப்பிணிகள் பொதுவாகச் சாப்பிடக் கூடாது. கிளாரித்ரோமைசின் மாதிரி சில ஆன்டிபயாட்டிக் கொடுக்கும்போது சில ஸ்டாட்டின்களை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும், வேறு டாக்டரிடம் காய்ச்சலுக்குப் போனாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள். தசையெல்லாம் கடுமையாக வலித்து சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அது அபூர்வம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண உடம்புவலி பற்றி இங்கிலாந்தில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2020-இல் வெளிவந்தது. வலி தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்கு, சில மாதம் மருந்து, சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை என்று எது எப்போது என்று கலைத்துக் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்ட மாதங்களில் இருந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை, வலி நிஜம்தான், காரணம் பெரும்பாலும் அந்த மருந்து இல்லை. அவர்களில் பாதிப் பேர் மறுபடியும் மாத்திரை சாப்பிடத் தொடங்கினார்கள். வலி இருந்தால் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டின் மாற்றலாம், ஸ்டாட்டின் இல்லாத எசெடிமைப் இருக்கிறது. டாக்டரிடம் சொன்னால் வழி கிடைக்கும்.

அப்புறம், நம் ஊருக்கு நிஜமாகவே வேண்டிய விஷயத்தைக் கட்டுரை தொடவே இல்லை. சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நடத்திய ஆய்வின் முதல் கட்டம் தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் நான்கிலும் நடந்தது, ரத்தக்கொழுப்பு பற்றிய முடிவுகள் 2014-இல் வந்தன. எல்டிஎல் அதிகமாக இருந்தவர்கள் 11.8 சதவீதம்தான். நல்ல கொழுப்பு என்கிற ஹெச்டிஎல் குறைவாக இருந்தவர்கள் 72.3 சதவீதம், டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு ரத்தக்கொழுப்பு அதிகமாக இருந்தவர்கள் 29.5 சதவீதம். நம் ஆட்களின் ரத்தம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது, இதற்கு முக்கியக் காரணம் வெண்ணெயோ முட்டையோ இல்லை. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை என்று மூன்று வேளையும் அரிசி, நடுவில் சர்க்கரை போட்ட டீ மூன்று நாலு, உடல் உழைப்பு போய்விட்டது. மிஞ்சுகிற மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி ரத்தத்தில் அனுப்புகிறது, அதுதான் டிரைகிளிசரைடாகத் தெரிகிறது, அது ஏறினால் ஹெச்டிஎல் இறங்கும், எல்டிஎல் துகள்களும் சின்னதாகி எண்ணிக்கையில் கூடிவிடும். மது குடிப்பவர்களுக்கு டிரைகிளிசரைடு இன்னும் ஏறும், 1000-ஐத் தாண்டினால் கணையமே வீங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட 59.

இதனால் ரிப்போர்ட்டைப் படிப்பதிலும் ஏமாந்துபோகிறார்கள். ஒருவருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 190, ஹெச்டிஎல் 30, டிரைகிளிசரைடு 290. இன்னொருவருக்கு மொத்தம் 205, ஹெச்டிஎல் 65, டிரைகிளிசரைடு 75. முதல் ஆள் 200-க்குக் கீழே இருக்கிறது என்று சந்தோஷமாகப் போகிறார், இரண்டாம் ஆள் பயந்துபோய் வருகிறார். மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லைக் கழித்துப் பாருங்கள், முதல் ஆளுக்கு 160, இரண்டாம் ஆளுக்கு 140. கவலைப்பட வேண்டியவர் முதல் ஆள். இதற்கு நான்-ஹெச்டிஎல் என்று பெயர், தனியாகக் காசு கட்டி டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே கழித்துக்கொள்ளலாம். இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 18 வயதிலேயே ஒருமுறை பரிசோதிக்கச் சொல்கிறது, வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்கிறது. சாதாரணமானவர்களுக்கு எல்டிஎல் 100-க்குக் கீழே, ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழே, ஏற்கனவே மாரடைப்பு வந்தவர்கள் போன்ற மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 55-க்குக் கீழே. லேப் ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் ஒரே 'நார்மல்' எல்லாருக்கும் பொருந்தாது என்பது இதிலிருந்தே தெரியும். எல்டிஎல் திடீரென்று ஏறியிருந்தால் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள், தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ரால் ஏறும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் ஏறும்.

எண்ணெய் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை, அதனால் சுருக்கமாக. கொலஸ்ட்ரால் மிருகங்களிலிருந்து வரும் உணவில்தான் இருக்கிறது, எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படியாக இல்லை, ஆகவே பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டாம். பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம், பாமாயிலில் ஏறக்குறைய பாதி, நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். மரச்செக்கில் ஆட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற பாமாயிலை ஏழைக் குடும்பம் வேண்டாம் என்று சொல்ல முடியாது, அரசு அதோடு கடலை எண்ணெயும் கொடுத்தால் நல்லது. எதுவானாலும் ஆளுக்கு மாதம் அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம், பஜ்ஜி சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். வெந்தயம், கொள்ளு, அவரை, கீரை இவையெல்லாம் எல்டிஎல்லைக் கொஞ்சம் இறக்கும். தாராளமாகச் சாப்பிடலாம், மாத்திரையோடு சேர்த்து.

கடைசியாக உங்களிடம் நேராகவே கேட்கிறேன். அந்தக் கட்டுரைக்குக் கீழேயே, ஆபரேஷன் இல்லாமல் இதய அடைப்பைக் கரைக்கும் சூரணம் என்று ஒரு விளம்பரம் இருந்தது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் இதய நோய்க்கும் தமனித் தடிப்புக்கும் இப்படி விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது, வெளியிடுவதில் பங்கெடுப்பவர்களையும் அது சேர்த்தே சொல்கிறது. அதை நிறுத்துங்கள். கட்டுரைக்கு மறுப்பை அதே பக்கத்தில், அதே அளவில், ஒரு இதய மருத்துவரை வைத்து எழுதச் சொல்லி வெளியிடுங்கள், ஒரு மூலையில் நாலு வரி போட்டால் போதாது. அதுவரை, ஸ்டென்ட் வைத்தவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், நிறுத்திவிட்டவர்கள் இந்த வாரமே போய்ப் பாருங்கள் என்று முதல் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, இடம் போதாது என்றால் எண்ணெய், முட்டை, நோபல் பரிசு எதை வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று மருந்தும் ஒன்றாக இருக்கும் அந்தக் கேப்சூலைப் பற்றிய பத்தியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
கும்பகோணம் வட்டம்.